சேர்ந்து பாடக் கற்பதன் நன்மைகள்



சிவாலயப் பூசையில் அபிஷேகம், அலங்காரம், தீபாராதனை எல்லாம் நிறைவேறிய பின், குருக்கள் நம் பக்கம் திரும்பிப் பஞ்சபுராணம் பாட அழைக்கும் ஒரு வேளை உண்டு. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகிய ஐந்திலிருந்தும் ஒவ்வொரு பாடல் இறைவன் திருமுன் பாடப்பெற வேண்டும். மண்டபம் நிறைய அன்பர்கள் கைகூப்பி நிற்பார்கள். பாட முன்வருபவர் ஒருவரோ இருவரோதான். அவரும் பெரும்பாலும் எழுபதைக் கடந்தவராக இருப்பார். அவர் வராத நாளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்போம். இல்லையென்றால் ஒலிபெருக்கியில் பதிவு செய்த பாடல் ஒலிக்கும். நம் நாட்டு ஆலயங்கள் பலவற்றில் இக்காட்சியை நான் கண்டதுண்டு. நம் ஆலயத்திலும் சில ஆண்டுகளுக்கு முன் வரை இதே நிலைதான்.

இக்குறையைப் போக்கவே ஞாயிறுதோறும் திருமுறை இசை வகுப்பு நடத்தி வருகிறோம். அதற்கு ஆகும் செலவைப் பற்றி ஆண்டுக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி எழுகிறது. இசை என்பது குருவின் எதிரில் தனியே அமர்ந்து கற்கவேண்டிய கலை அல்லவா, பதினைந்து பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்தால் கும்பலில் கோவிந்தா ஆகிவிடாதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நான் இசைவாணன் அல்லன். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வகுப்பில் என் வேலை வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஓரமாக அமர்ந்திருப்பது. ஆனால் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பதை நெடுங்காலம் பார்த்துப் பழகியவன் என்ற முறையில், அக்கேள்விக்கு இம்மலர் வாயிலாக விடை கூற விழைகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு மணி நேரத்தில் 15 பிள்ளைகளை ஒருவர்பின் ஒருவராக அழைத்துத் தனித்தனியே சொல்லிக் கொடுத்தால் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 4 நிமிடம். மீதி 56 நிமிடமும் அப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அல்லது பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளிக்கொண்டிருக்கும். சேர்ந்து பாடும்போது அறுபது நிமிடமும் வாய் பாடுகிறது, காது கேட்கிறது. வாய் பாடுவதைக் காட்டிலும் காது கேட்பதே பெரிது என்பது நான் இவ்வகுப்பில் அமர்ந்து அறிந்துகொண்ட செய்தி.

சுருதி என்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுருதி சேராமல் பாடும் பிள்ளையிடம் "சுருதி சேரவில்லை" என்று சொல்வதால் எந்தப் பயனும் இல்லை. சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பது தெரியாததால்தானே அது சேராமல் பாடுகிறது! எங்கள் ஆசிரியை அப்படிச் சொல்வதே இல்லை. அப்பிள்ளையை எழுப்பி, நன்றாகப் பாடும் இருவருக்கு நடுவில் அமர்த்திவிடுவார். இரண்டு குரல்கள் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் முற்றிலும் ஒன்றாகாதபோது, அந்த ஒலியில் ஒரு நடுக்கம் உண்டாகும். வீணைக்குச் சுருதி கூட்டுபவர்கள் இதை நன்கு அறிவார்கள். குரல் சரியான இடத்தில் வந்து அமர்ந்ததும் அந்த நடுக்கம் சட்டென்று அடங்கிவிடும். இரு பக்கமும் நேர்த்தியான குரல் ஒலிக்க நடுவில் இருக்கும் பிள்ளை, யாரும் சொல்லாமலே அந்த அமைதியைத் தேடித் தன் குரலைச் சிறிது ஏற்றியும் இறக்கியும் பார்க்கிறது. முதல் இரண்டு மாதம் ஒரே சுரத்தில் முழங்கிக்கொண்டிருந்த ஒரு பையன், இவ்வாறு இடம் மாற்றி அமர்த்திய சில வாரங்களில் தானே சுருதிக்கு வந்து சேர்ந்ததைக் கண்ணால் கண்டேன். தனி வகுப்பில் அவனுக்கு அந்த இரு பக்கத்துக் குரல் கிடைத்திராது.

தாளத்திற்கும் இது பொருந்தும். கருநாடக இசையில் தொடக்கப் பாடமான சரளி வரிசையை மாயாமாளவகௌளை இராகத்தில் அமைத்துத் தந்தவர் புரந்தரதாசர் (1484-1564) என்பது மரபு. திருமுறை பாட வருபவர்களுக்கும் அதுவே முதற்பாடம். ஆதி தாளத்திற்கு எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சும் இரண்டு முறை. இதைப் போட்டுக்கொண்டே ஒரு வரிசையை மூன்று காலங்களில் பாடவேண்டும். எங்கள் வகுப்பில் பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணியை முதற்காலத்திலும் மற்றோர் அணியை இரண்டாங்காலத்திலும் ஒரே வேளையில் பாட வைப்பார்கள். அவர்கள் ஒரு முறை பாடி முடிப்பதற்குள் இவர்கள் இரண்டு முறை பாடி, இரு சாராரும் ஒரே தட்டில் வந்து இறங்க வேண்டும். முதல் நாள் ஒரே அமளியாக இருக்கும். பிறகு ஒரு நாள் இரண்டு அணியும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் மலர்ச்சியைக் காண ஞாயிறு காலையில் ஆலயத்திற்கு வர வேண்டும். அடுத்தவர் வேறொரு கதியில் பாடும்போது தன் கதியை விடாமல் பிடித்துக்கொள்ளும் இப்பயிற்சியைத் தனியாக ஒருவர் எவ்வாறு செய்ய இயலும்?

கூச்சத்தைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. வீட்டில் வாயாடும் பிள்ளை, நான்கு பேர் முன்னிலையில் பாடு என்றால் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். கூட்டத்தோடு கூட்டமாகப் பாடிப் பழகிய குரல் தானே துணிவு பெறும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஆண்பிள்ளைகளுக்குக் குரல் உடைவது மட்டும் தனியாகக் குறிப்பிடத்தக்கது. சில மாதங்களில் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். இடைப்பட்ட காலத்தில் எந்தச் சுரம் எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது. தனியாகக் கற்கும் பையன்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் இசையை விட்டு விலகுகிறார்கள், பிறகு திரும்புவதில்லை. எங்கள் வகுப்பில் அத்தகைய பையன்களின் கையில் கைத்தாளத்தைக் கொடுத்துவிடுவோம். தாளம் போட்டுக்கொண்டு, முடிந்த இடத்தில் பாடி, முடியாத இடத்தில் வாய்மூடி இருப்பான். குரல் அமைந்ததும் மீண்டும் வரிசையில் வந்து அமர்வான். நம் ஆலயத்தில் இப்போது பாடும் இளைஞர்களில் இருவர் இப்படித் தக்கவைக்கப் பெற்றவர்களே.

தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு மகிழ்ச்சி தரும் வேறொன்றும் உண்டு. வகுப்பிற்கு வரும் பிள்ளைகளில் பலர் தேசியப் பள்ளிகளில் பயில்பவர்கள்; தமிழ் பேசுவார்கள், எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறுவார்கள். தொடக்கத்தில் அவர்களுக்கென்று பாடல்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தோம். அதில் லகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும். ரகரத்திற்கும் றகரத்திற்கும் வேறுபாடு இராது. ஆசிரியை ஒரு வரியைப் பாட, பிள்ளைகள் இரண்டு முறை திருப்பிப் பாடும் முறையில் காதால் கேட்டே ஒலிப்பு திருந்தியது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் நாவில் ழகரம் சரியாக ஒலிப்பதைக் கேட்டு மற்றவர்களும் அவ்வாறே ஒலித்தார்கள். ஓராண்டு கழித்து ரோமன் எழுத்துத் தாளை நிறுத்திவிட்டு, தமிழ்ப் புத்தகத்தையே கையில் கொடுத்தோம். பாடல் முன்பே மனப்பாடம் ஆகியிருந்ததால், பாடிக்கொண்டே அச்சு வரியில் விரலை நகர்த்தி எந்த எழுத்து எந்த ஒலி என்று தாங்களாகவே கண்டுகொண்டார்கள். அரிச்சுவடியிலிருந்து தொடங்கியிருந்தால் இவர்களில் பாதிப் பேர் ஓடிப்போயிருப்பார்கள் என்பது என் கருத்து.

பண்களும் பாடல்களும்

தேவாரப் பதிகங்களின் அமைப்பே சேர்ந்து பாடுவதற்கு ஏற்றதாக இருக்கிறது. பல பதிகங்களில் ஒவ்வொரு பாட்டும் ஒரே தொடரில் வந்து முடியும். தலைமை தாங்குபவர் முன்வரிகளைப் பாட, புதிதாக வந்த பிள்ளைகூட அந்த முடிவுத் தொடரில் சேர்ந்துகொள்ளலாம். முதல் நாளிலேயே பாடிவிட்டோம் என்ற நிறைவோடு வீட்டுக்குப் போகும். மறுவாரம் தவறாமல் வரும்.

திருஞானசம்பந்தர் பாடியவை முதல் மூன்று திருமுறைகள், திருநாவுக்கரசர் பாடியவை நான்கு முதல் ஆறு வரை, சுந்தரர் பாடியது ஏழாவது என்பது அன்பர்கள் அறிந்ததே. சம்பந்தரோடு திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர்தம் மனைவியார் மதங்கசூளாமணியாரும் தலந்தோறும் உடன் சென்றார்கள் எனப் பெரியபுராணம் கூறுகிறது. ஆக, தேவாரம் பிறந்தபோதே பாடுபவர், யாழ் மீட்டுபவர், உடன் பாடுபவர் என ஒரு குழு இருந்தது. பிற்காலத்தில் ஏடுகள் கிடைத்தும் பண்முறை தெரியாமல் இருந்தபோது, அந்த யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியிடமிருந்தே பண்களைப் பெற்றார்கள் எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். ஏட்டில் எழுத்து நிற்கும், இசை நிற்காது. அது ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் காதுக்குப் போனால்தான் உண்டு.

எங்கள் வகுப்பில் ஐந்து சுரங்கள் மட்டுமே உள்ள பண்களில் தொடங்குகிறோம். நட்டபாடை என்னும் பண்ணை ஓதுவார்கள் இன்று கம்பீரநாட்டை இராகத்தில் பாடுகிறார்கள். பழந்தக்கராகப் பண்ணைச் சுத்தசாவேரியில் பாடுகிறார்கள். சுரங்கள் குறைவாக இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் இடைவெளி அதிகம். பல குரல்கள் சேரும்போது ஒன்றோடொன்று உரசிக்கொள்வதில்லை. அடுத்து இந்தளப் பண். அதை இன்று மாயாமாளவகௌளையில் பாடுவதால், சரளி வரிசை பாடிய பிள்ளைகள் "இது நமக்குத் தெரிந்ததுதானே" என்று கண்டுபிடித்துவிடுவார்கள். மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியில் பாடும் நிலைக்கு வரச் சற்றுக் காலம் பிடிக்கும். அதன் குழைவு கூட்டமாகப் பாடும்போது எளிதில் பிடிபடுவதில்லை.

பெரியவர்கள் வகுப்பில் ஒரு சிக்கல் உண்டு. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணும் வழக்கப்படி, ஆண்களின் குரலுக்கு ஏறத்தாழ ஒரு கட்டைச் சுருதியும், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஐந்து கட்டையை ஒட்டிய சுருதியும் பொருந்தி வரும். எல்லாரையும் ஒரே சுருதியில் பாட வைத்தால் ஒரு சாரார் முனகுவார்கள், மற்றொரு சாரார் கத்துவார்கள். பசனைகளில் நாம் கேட்பது பெரும்பாலும் இதுதான். ஆகவே கற்கும்போது பிரித்துவிட்டோம். பூசை வேளையில் பஞ்சபுராணத்தின் ஐந்து பாடல்களையும் ஆடவர் அணியும் மகளிர் அணியும் பகிர்ந்துகொண்டு, நடுவில் சுருதியை மாற்றிக்கொள்கிறார்கள்.

தோட்டத்திலிருந்து நகரத்திற்கு

நம் நாட்டில் இது புதிய முறை ஒன்றும் அன்று. இரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு இசையாசிரியர் யாரும் இருந்ததில்லை. மார்கழி விடியலில் கோயிலடியில் கூடித் திருவெம்பாவையும் திருப்பாவையும் பாடியே கற்றார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பசனைக் குழுவோடு வீடு வீடாகச் சென்றே கற்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் முழுப் பாடல்களையும் பிழையின்றிப் பாடக் கேட்டிருக்கிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டும் மக்கள் நகரங்களின் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது, அந்தக் கோயிலடியும் பசனைக் குழுவும் கலைந்தன. பாடல்கள் மறந்துவிடவில்லை, சேர்ந்து பாடும் இடம்தான் போய்விட்டது. இன்று வெள்ளி மாலைப் பெரியவர்கள் வகுப்பில் அமரும் பாட்டிமார் சிலர், ஆசிரியை முதல் சொல்லை எடுத்ததும் மீதியைத் தாமே பாடி முடித்துவிடுகிறார்கள். ஐம்பது ஆண்டுகளாக அவர்கள் அதைத் தனியே வைத்திருந்திருக்கிறார்கள்.

சேர்ந்து பாடுவதன் அருமை அது இல்லாமற்போன காலத்தில் நன்கு விளங்கியது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து ஆலயங்கள் மூடப்பட்டபோது, வகுப்பை இணையத்திற்கு மாற்றினோம். கணக்கும் அறிவியலும் இணையம்வழி நடக்கும்போது இசை நடக்காதா என்று எண்ணினோம். இசை நடந்தது, சேர்ந்து பாடுவதுதான் நடக்கவில்லை. ஒருவர் குரல் இணையத்தின் வழியே மற்றவர் காதைச் சென்றடையச் சிறு தாமதம் உண்டாகிறது. பேச்சில் அது தெரியாது. பாட்டில், ஒருவர் தட்டும் தட்டு மற்றவருக்குப் பிந்திக் கேட்கும்; அதைக் கேட்டு அவர் மெதுவாக்க, அதைக் கேட்டு இவர் இன்னும் மெதுவாக்க, பாட்டு இழுபட்டுக் குலைந்துவிடும். போதாதற்கு, உரத்த குரல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை அமுக்கிவிடுவது அந்த மென்பொருள்களின் இயல்பு. ஆகவே எல்லாப் பிள்ளைகளின் ஒலிவாங்கியையும் அடைத்துவிட்டு, ஆசிரியை பாட, ஒவ்வொரு பிள்ளையும் தன் அறையில் தனியாகப் பாடியது. ஒருவர் பாடுவது மற்றவருக்குக் கேட்காது.

மீண்டும் நேரில் கூடியபோது கண்டது இது. புதிய பாடல்கள் எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்திருந்தன, சொல் பிழையில்லை. ஆனால் சேர்ந்து பாடியபோது பதினைந்து பேரும் பதினைந்து பாட்டாகப் பாடினார்கள். சுருதியும் தாளமும் பழைய நிலைக்கு வர ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. இணைய வகுப்பால் ஒரு நன்மையும் விளைந்தது என்பதை மறைக்கக் கூடாது. பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த தாய்மார் சிலர் தாமும் கற்றுக்கொண்டார்கள். இன்றைய மகளிர் அணியின் தொடக்கம் அதுதான்.

குழு வகுப்பால் எல்லாம் வந்துவிடும் என்று நான் கூற வரவில்லை. திருவாசகத்தை மோகனத்திலும், திருத்தாண்டகத்தை அரிகாம்போதியிலும் தாளமின்றி விருத்தமாகப் பாடுவது ஓதுவார் மரபு. தாளக்கட்டு இல்லாத இடத்தில் பதினைந்து பேர் சேர்ந்து பாடுவது கடினம். அங்கே ஒருவர் முன்னே பாட, மற்றவர்கள் வரி முடிவில் சேர்ந்துகொள்வதோடு நின்றுவிட வேண்டியிருக்கிறது. இராக ஆலாபனை, கற்பனைச் சுரம் ஆகியவற்றில் விருப்பமுள்ள பிள்ளை தனியாக ஓர் ஆசிரியரை நாடத்தான் வேண்டும். அத்தகைய இருவரைப் பெற்றோரிடம் சொல்லி அனுப்பியும் வைத்தோம். மற்றொரு குறை, கூட்டத்தில் ஒளிந்துகொள்வது. உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு ஓராண்டை ஓட்டிவிடக்கூடிய திறமைசாலிகள் உண்டு. பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது இவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தவறு ஒன்று பரவினாலும் எல்லார் வாயிலும் பரவிவிடும். இதற்காக வகுப்பின் கடைசி இருபது நிமிடத்தை ஒதுக்கியிருக்கிறோம். முதலில் வரிசை வரிசையாக, பிறகு இருவர் இருவராகப் பாடுவார்கள். ஒருவரைத் தனியே பாடச் சொல்வதில்லை. இருவராகப் பாடும்போதே யார் பாடுகிறார், யார் உதட்டை அசைக்கிறார் என்பது தெரிந்துவிடும். ஒரு வகுப்பில் பதினைந்து பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்பதும் இதனால்தான்.

மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் விழாவில் நம் பிள்ளைகளும் கலந்துகொள்கிறார்கள். அவ்விழாவால் நாடெங்கும் திருமுறை பரவியது உண்மை. பெற்றோர்களிடம் மட்டும் ஒரு விண்ணப்பம். போட்டிக்கு ஒரு மாதம் முன்பு பிள்ளையைக் கொண்டுவந்து, ஒரே ஒரு பாடலைச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்கிறீர்கள். பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மறுவாரம் பிள்ளையைக் காண முடிவதில்லை. அந்த ஒரு பாடல் அலமாரியில் கோப்பையோடு நின்றுவிடுகிறது.

நன்கொடையாளர்களின் கவனத்திற்கு

தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய முதலாம் இராசராச சோழன், அங்கே திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரையும், அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரையும் ஆக 50 பேரை அமர்த்தினான். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி நெல் என்று அறக்கட்டளை வைத்தான். அக்கோயிலின் கல்வெட்டு இதைத் தெரிவிக்கிறது. இனிய குரலுடைய ஒருவரை அமர்த்தி அவருக்கு ஐம்பது பங்கு கொடுத்திருக்கலாம். அவன் அவ்வாறு செய்யவில்லை. அக்கல்வெட்டின் அடுத்த பகுதி நமக்கு இன்னும் முக்கியம். இவர்களில் ஒருவர் இறந்துபோனாலோ வேற்றூர் சென்றாலோ, அவருக்கு அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையானால் தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு பாடுவிக்க வேண்டும். அடுத்த உறவினரே இல்லையென்றால் மற்றப் பாடுநர்கள் கூடித் தகுதியுள்ளவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாட்டு நிற்கக் கூடாது என்பதற்கு அவ்வளவு ஏற்பாடு.

தமிழகத்திலிருந்து ஓதுவார் ஒருவரை வரவழைத்துவிட்டால் என்ன என்று சிலர் கருதுகிறார்கள். வரட்டும், அவர் பாடுவதைக் கேட்பதே பெரும் பேறு. ஆனால் அவர் இங்கே பணிபுரிய அளிக்கப்படும் அனுமதிக்குக் கால வரம்பு உண்டு. அது முடிந்து அவர் ஊர் திரும்பும் நாளில் நாம் மீண்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். குழுவாகக் கற்ற பிள்ளைகளில் மூத்த பெண்கள் இருவர் வெளிமாநிலப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றபோது பஞ்சபுராணம் ஒரு வெள்ளிகூட நிற்கவில்லை. அவர்களுக்கு அடுத்த வரிசையில் அமர்ந்திருந்தவர்கள் முன்வரிசைக்கு வந்தார்கள், அவ்வளவுதான். சென்ற மகா சிவராத்திரியில் நான்கு காலப் பூசைக்கும் நான்கு அணியினர் பாடினார்கள். மூன்றாம் காலம் நள்ளிரவில். பெரியவர்கள் பலர் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்திருக்க, பத்து வயதுப் பிள்ளைகள் ஒன்பது பேர் திருமுன் நின்று, புத்தகம் பாராமல், ஒரு பதிகம் முழுவதையும் பாடி முடித்தார்கள். அதில் யார் குரல் சிறந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

தரைக் கற்கள் பதிக்கவும் மின்விசிறி மாட்டவும் நம் அன்பர்கள் தாராளமாக வழங்குகிறார்கள்; உபயதாரர் பெயரை அதில் எழுதி வைக்க இடம் இருக்கிறது. பாட்டு வகுப்பில் பெயர் எழுத இடம் இல்லை. தஞ்சைக் கல்வெட்டில் கொடுத்தவர்கள் பெயரோடு, பாடிய 48 பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகப் பொறித்து வைத்தார்கள் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

வருமாண்டில் பிள்ளைகளுக்கு இரண்டாவது பிரிவு ஒன்றைத் தொடங்க எண்ணியுள்ளோம். காத்திருப்போர் பட்டியல் ஏற்கெனவே ஒரு பிரிவுக்குப் போதுமானதாக உள்ளது. இதற்குத் தேவைப்படுவன: இரண்டாவது ஆசிரியர் ஒருவருக்கு ஓராண்டு மதிப்பூதியம், சுருதிப் பெட்டி ஒன்று, கைத்தாளம் நான்கு இணை, பெரிய எழுத்தில் அச்சிட்ட திருமுறைத் திரட்டு நாற்பது படி. கைப்பேசியிலும் சுருதி ஒலிக்கும் வசதி இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: பதினைந்து பேர் பாடும்போது கைப்பேசியின் ஒலி கைப்பேசிக்கே கேட்பதில்லை.

பிள்ளைகள் வகுப்பு ஞாயிறு காலை 9 மணிக்கும், பெரியவர்கள் வகுப்பு வெள்ளி மாலைப் பூசைக்கு முன்பும் ஆலய மண்டபத்தில் நடைபெறுகின்றன. பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஏழு வயது நிரம்பியிருக்க வேண்டும். பெரியவர்களுக்கு வயது வரம்பு கிடையாது. தரையில் அமர இயலாதவர்களுக்கு நாற்காலி போடப்படும். புதிய பிரிவு தைப்பூசம் முடிந்த மறுவாரம் தொடங்கும். பெயர் கொடுக்க விரும்புவோர் ஆலய அலுவலகத்தில் உள்ள பதிவேட்டில் எழுதிவிட்டுச் செல்லலாம். குரல் தேர்வு எதுவும் வைப்பதில்லை.